அம்மாவின் நீலம், அப்பாவின் நீலம்

என் அம்மா ஒரு ஸ்டுடியோவின் உள்ளறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து ஊரார் முகங்களுக்குப் பின்னால் கலர் போடுகிறார். வருகிறவர்கள் சாம்பல் துணிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சாம்பலைக் கம்ப்யூட்டரில் நீலமாகவோ அரக்காகவோ மாற்றி, முகம் எடுப்பாகத் தெரியும்படி செய்வது அம்மாவின் வேலை. கலரைக் கூட்டும்போது அவர் பின்னணியைப் பார்க்கவே மாட்டார். காதோரத்து முடியைத்தான் பார்ப்பார். "முடியில நீலம் ஒட்டிச்சுன்னா போதும்னு அர்த்தம்" என்பார். பிறகு கூட்டியதில் பாதியைக் குறைப்பார். சமையலில் உப்பு போடும்போது இந்த நிதானம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். கலர் அட்டையைத் தொட மாட்டார். வாளியில் கலக்கி, குச்சியில் எடுத்துப் பார்த்து "இதுதான்" என்றால் இதுதான். ஒரே வீட்டில் கலர்காரர்கள் இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும்? ஒரு திரைச்சீலை வாங்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

"கம்ப்யூட்டர்ல யாரு வேணா அடிக்கலாம். சுவத்துல அடிச்சுக் காட்டு பாப்போம்" என்பார் அப்பா.

"நான் தப்புப் பண்ணா ஒரு தட்டுல திருப்பிடுவேன். நீங்க சுரண்டிக்கிட்டு நிக்கணும்" என்பார் அம்மா.

இந்தச் சண்டை இல்லாத நாளில் எனக்கு வீடு வீடு மாதிரியே இருக்காது.

ஒரு சனிக்கிழமை அப்பா உர்ரென்று வந்தார். ஒரு டீச்சரம்மா தன் படுக்கையறைக்கு லேசாக நீலம் கலந்த வெள்ளை கேட்டிருக்கிறார். அடித்து முடித்ததும், "என்னங்க, இவ்வளவு நீலமா இருக்கு?" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "முப்பது வருஷமா கலக்குறேன், எனக்கே கலர் சொல்லித் தர்றாங்க" என்று வாளியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மா வீட்டில் ஒரு வக்கீலின் படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னணி வெளிர் நீலம். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"நீலமே இல்லையே. கூட்டு."

அம்மா கொஞ்சம் கூட்டினார்.

"இன்னும்."

வக்கீலின் தலைமுடியெல்லாம் நீலமாகிவிட்டது. எனக்குக் கண் கூசியது.

"ம், இப்பத்தான் சரி" என்றார் அப்பா.

வழக்கமான வம்பு என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. டீச்சரம்மாவின் சுவர் ஏன் அவ்வளவு நீலமானது என்று அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அதே படத்தை வெள்ளைப் பின்னணியில் ஒன்றும் வெளிர் மஞ்சளில் ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஏங்க, உங்க கண்ணுல என்னமோ இருக்கு."

வீடு அதிர்ந்தது. என் கண்ணையா சொல்ற, உன் மெஷினைப் பாரு என்று அப்பா என்னென்னவோ கத்தினார். கடைசியில் குரல் இறங்கி, "கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்னைக் கூப்பிடுவான்?" என்றார். இத்தனை கோபமும் அந்தப் பயம்தான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் விடவில்லை. அவருடையது உடும்புப் பிடி. நீலம் ஏறிய வக்கீல் படத்தை மறுபடி திறந்தார்.

"உக்காருங்க. இடது கண்ணைப் பொத்துங்க. என்ன கலர்?"

"நல்ல நீலம்."

"இப்ப வலது கண்ணைப் பொத்துங்க."

"பழுப்பா என்னமோ தெரியுது. ஏன் மாத்துன?"

"நான் மாத்தலங்க."

"மவுஸ்லேர்ந்து கையை எடு முதல்ல."

அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார், போலீஸிடம் பிடிபட்டவர் மாதிரி. அப்பா ஒரு கண்ணைப் பொத்தினார், மறு கண்ணைப் பொத்தினார். நாலைந்து தடவை. அதுவரை அம்மா கையை இறக்கவே இல்லை. பிறகு அப்பா திரும்பி, அதே மாதிரி மாற்றி மாற்றிப் பொத்தி அம்மாவைப் பார்த்தார்.

"இதுல எது நீ?"

"ரெண்டுலயும் உங்க பொண்டாட்டிதான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

டாக்டர் கண்புரை என்றார். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடதில் முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பழையபடி தெரியும் என்றார். திரும்பும் வழியில், யாரும் சொல்லாமலே, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனார். அந்தப் படுக்கையறையில் நின்றுகொண்டு சொன்னார்:

"நீங்க சொன்னதுதான்மா சரி. கோளாறு என் கண்ணுல."

டீச்சரம்மா அப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கண்ணு சரியானதும் நீங்களே வந்து அடிங்க. அதுவரைக்கும் நான் இதுலயே தூங்கிக்கிறேன்" என்றார். பிறகு, "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"இவதான். என்னைவிடக் கலர் தெரிஞ்சவ."

அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பெயின்ட் வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.