அக்கா தனியாகச் சொன்ன ‘ஆம்’

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அக்கா போய் ஒரு வருஷம் முடிகிறது. நான் அடுகோடியில் லேத் பட்டறை வைத்து இரும்பு கடைகிறவன். எழுத்து என் தொழில் அல்ல. “உங்கள் அக்கா எம்.பி.யாக இருந்தவர், பெரிய மனிதர்கள் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்” என்று சிலர் யோசனை சொன்னார்கள். பெரிய மனிதர்கள் எழுதினால் சகாப்தம், சரித்திரம் என்று அடுக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அந்த வார்த்தைகள் ஆகாது. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைய இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.

அக்கா பிறந்தது சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். ஒரு பக்கம் கறிக்கடை, மறுபக்கம் துணிக்கடை. அப்பா துணிக்கடைகளுக்கு மூட்டை தூக்கினார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை என்று தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். அம்மா அங்கேயே போய்விட்டார். அக்கா பாவாடை சட்டை போடுகிற வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். நர்ஸ் வேலைக்குத்தான் படிப்பேன் என்று பிறகு அடம்பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

படித்து முடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், தெருவில் உருது என்று மூன்றும் வாயில் இருந்ததால் எந்த நோயாளியும் அக்காவிடம் திண்டாடியதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா தன்னுடைய டியூட்டி நேரத்தைச் சொல்வார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கல்யாணம் நடந்தது, ஆனால் என் மனைவி சீக்கிரமே என்னை விட்டுப் போனார், குழந்தைகள் இல்லை. கடைசிவரை அடுகோடி வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அக்காவின் வாழ்க்கையைத் திருப்பிய நாள் 1991 பாராளுமன்றத் தேர்தல் நாள். அன்று அக்காவுக்குப் பெண்கள் வார்டில் டியூட்டி. வெளியே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, “மததான மாடி, மததான மாடி” என்று கத்திக்கொண்டே போனார்கள். வாக்களியுங்கள் என்று அர்த்தம். கன்னடத்தில் ‘மாடி’ என்றால் ‘செய்யுங்கள்’. வார்டில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஓர் அம்மா இருந்தார். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தையல் போட்டிருந்தது. அவருக்கு இந்த ஊரில் ஓட்டு உண்டு, கன்னடம்தான் கிடையாது. ஓட்டுச்சாவடியை ஆஸ்பத்திரி மாடியிலேயே வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, இடுப்பில் சீட்டைச் செருகிக்கொண்டு படியேறிவிட்டார்.

அக்கா தேடிப் போனபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். தையல் விட்டு, புடவை நனைந்திருந்தது.

“சிஸ்டர், மாடியில பூட்டிக் கெடக்குதே. ஓட்டு எங்க போடறாங்க?”

“ஐயோ, மாடின்னா மேல்மாடி இல்லம்மா. கன்னடத்துல ‘செய்யுங்க’ன்னு சொல்றாங்க. ஓட்டு ரெண்டு தெரு தள்ளி ஸ்கூல்ல.”

“அப்ப என்னைய அங்க கூட்டிட்டுப் போ சிஸ்டர்.”

“இந்த வயித்த வெச்சுக்கிட்டா? பெரிய டாக்டர் என்னைக் கொன்னுடுவாரு.”

அந்த அம்மா அழுதுவிட்டார். “வருசம் பூரா எங்கள ஒதுங்கு ஒதுங்குன்னுதான் சொல்றாங்க சிஸ்டர். இன்னிக்கு ஒரு நாள்தான் வா வான்னு கூப்பிடறாங்க. அதுக்கும் போவ முடியல பாரு.”

மறுபடி தையல் போட்டு அவர் பிழைத்துக்கொண்டார். அக்கா இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “கட்டில்ல படுத்திருக்கறவங்களுக்கு ஓட்டுக் கிடையாதுன்னு எங்கடா எழுதியிருக்கு?” என்று கேட்டார். எங்கும் எழுதவில்லை, ஆனால் போடவும் வழியில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த ஒரு விஷயம்தான். ஆஸ்பத்திரியில் இருப்பவர் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போட வேண்டும்.

அந்த வருஷக் கடைசியில் காவிரித் தகராறில் நம் ஆட்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அத்திபெலே எல்லையைத் தாண்டி ஓசூருக்குப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரும்பி வந்தவர்களில் சிலருக்கு, அடுத்த தேர்தலில் பட்டியலில் பெயர் இல்லை. வீடு பூட்டியிருந்ததால் ஆள் இல்லை என்று அடித்துவிட்டிருந்தார்கள். அக்கா டியூட்டி முடிந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். அரசு ஊழியர் இப்படி அலையக் கூடாது என்று மேலிடத்தில் சொன்னதும், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “சாப்பாட்டுக்கு என்னக்கா பண்றது?” என்றேன். “நீதான் இருக்கியே” என்றார்.

பெயர் திரும்பக் கிடைத்தவர்களில் தமிழர் மட்டுமல்ல, கன்னடக்காரர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள்தான் தொண்ணூறுகளின் நடுவில் அக்காவை எம்.பி.யாக்கி டெல்லிக்கு அனுப்பினார்கள். எம்.பி. நிதியில் மற்றவர்கள் அலங்கார வளைவு கட்டினார்கள். அக்கா பிரசவ வார்டுகளுக்குக் கட்டிலும் வெந்நீரும் கேட்டார். பிள்ளை பிறந்ததும் முகத்தைக் காட்ட ஆஸ்பத்திரி ஆட்கள் காசு கேட்கும் வழக்கத்தைச் சபையில் எழுந்து சொன்னார். ஊர் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று இங்கே சிலருக்கு வருத்தம். சபையில் கன்னடத்தில் பேசினால் நம் ஆட்கள் முகம் சுளித்தார்கள். இங்கே மேடையில் தமிழில் பேசினால் அந்தப் பக்கம் முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் என்று நினைத்தவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் போனது.

டெல்லியில் அக்காவுக்குக் கொடுத்த வீட்டில் அறைகள் அதிகம், பேச ஆள் கிடையாது. சாயங்காலம் பட்டறைக்குப் போன் செய்வார். காது கேட்கவில்லையே என்று நான் மெஷினை நிறுத்தப் போவேன். “நிறுத்தாதடா, அந்தச் சத்தம் கேக்கட்டும்” என்பார். நானும் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அக்கா லைனில் இருப்பார்.

நோயாளிகளுக்கும் தபால் ஓட்டு வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு அது உண்டு, தேர்தல் வேலைக்குப் போகும் வாத்தியாருக்கும் உண்டு, கட்டிலில் இருப்பவருக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. தனிநபர் மசோதாக்களை வெள்ளிக்கிழமை மதியம்தான் எடுப்பார்கள். அந்த நேரத்தில் உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். பச்சைப் பெஞ்சுகள்தான் தெரிந்தன. அங்கங்கே ஒருவர், அவரும் எதையோ படித்துக்கொண்டு.

அக்கா ஆங்கிலத்தில் பேசினார். மாடி ஏறிய அம்மாவின் கதையைச் சொன்னார். நம் ஊர்க் கூட்டங்களில் அந்தக் கதைக்குச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்துவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொள்வார்கள். அங்கே தமிழில் மாடி என்றால் என்ன, கன்னடத்தில் மாடி என்றால் என்ன என்று விளக்குவதற்குள் நேரம் முடிந்தது என்று மணியடித்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் உணர்வை மதிப்பதாகவும், நடைமுறையில் சிரமம் என்றும், மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கேட்டால் திரும்பப் பெறுவது அங்கே மரியாதை. அக்கா, “முடியாது, ஓட்டுக்கு விடுங்கள்” என்றார்.

ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ சொல்லுங்கள் என்றார்கள். அக்கா “ஆம்” என்றார். அந்தப் பெரிய மண்டபத்தில் ஒரே ஒரு பெண் குரல். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. மாடத்தில் இருமினாலே காவலர் முறைக்கிறார். எதிர்ப்பவர்கள் நாலைந்து பேர் ‘இல்லை’ என்றார்கள். முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அக்கா என்னிடம், “கேட்டுச்சாடா, நான் சொன்னது?” என்றார். “நல்லாக் கேட்டுச்சுக்கா” என்றேன்.

சபை பாதியில் கலைந்தது. அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். அடுகோடி வீட்டுப் போன், தூசு தட்டுவதற்கு மட்டும் எடுக்கிற பொருளாகிவிட்டது. அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. தினமும் விசிட்டர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவார். யார் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் இல்லையோ அங்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அடுத்த தேர்தலுக்கு ஆள் பிடிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் இந்த மலரையும் வாங்கியிருப்பார்கள், படிக்கட்டும்.

போன வருஷம் தேர்தல் நேரத்தில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஸ்பெஷல் வார்டு வேண்டாம் என்று பொது வார்டிலேயே படுத்தார். எல்லோரும் பிரசாரத்தில் இருந்தார்கள், பார்க்க வந்தவர்கள் குறைவு. ஓட்டுப்பதிவு அன்று மட்டும் கட்சிப் பையன்கள் கார், சக்கர நாற்காலி எல்லாவற்றோடும் வந்துவிட்டார்கள்.

“மேடம், டாக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டோம். அரை அவர்ல போய்ட்டு வந்துடலாம். பேப்பர்ல போட்டோ வரும்.”

அக்கா வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். “இவங்களுக்கெல்லாம் கார் இருக்காப்பா?”

“எல்லாரையும் எப்படி மேடம்...”

“அப்ப நானும் பேஷண்ட்தான். நீங்க போங்க.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அக்கா, ஓட்டு ஓட்டுன்னே வாழ்ந்தவ நீ. இதையும் விட்டுட்டா அப்புறம்...” என்று ஆரம்பித்தேன்.

“அப்புறம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்டா” என்றார் அக்கா. “நாளைக்கு யாராவது கணக்கெடுத்தா, இந்த வார்டுல போடாதவங்கள்ல நானும் ஒருத்தின்னு இருக்கட்டும். நீ போய்ப் போட்டுட்டு வா.”

போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது அக்கா என் விரலை வாங்கி மையைப் பார்த்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. “கூட்டம் இருந்துச்சா?” என்றார். “இருந்துச்சுக்கா.” “நல்லது” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டு எண்ணும் முன்பே போய்விட்டார்.

அக்காவைத் தங்கள் தாயைப்போல் கவனித்துக்கொண்ட அந்த வார்டு சிஸ்டர்களுக்கும் ஆயாக்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன் பிள்ளைக்கு வந்த கஞ்சியில் அக்காவுக்கும் ஊற்றிக் கொடுத்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும், வேனும் பந்தலும் கேட்காமலே அனுப்பிய அடுகோடிப் பட்டறைக்காரர்களுக்கும், அத்திபெலேயிலிருந்து லாரி பிடித்து வந்து இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தவர்களுக்கும் கை கூப்புகிறேன். இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லாமல் கிடப்பவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

சென்ற மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: “மனேல்லி எஷ்டு ஓட்டு இதே சார்?”

வீட்டில் எத்தனை ஓட்டு என்கிறார். உள்ளே திரும்பிப் பார்த்தேன். பிறகு, “ஒந்து” என்றேன். ஒன்று.