டாங்கியின் வட்ட மூடி

பத்தாவதோடு படிப்பை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ராணுவத்தில் டாங்கி ஓட்டினேன். அதே டாங்கியில் பீரங்கி சுடும் வேலையில் இருந்தவன் உடையார்பாளையத்துக்காரன். ராஜஸ்தான் மணலில் பயிற்சியின்போது உள்ளே தீப்பிடித்தது. ஓட்டுபவனுக்கு முன்பக்கம் தனி வழி உண்டு. நான் வெளியே வந்துவிட்டேன். அவன் தலைக்கு மேலிருந்த இரும்பு மூடி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. வீட்டுக்கு விபத்து என்று மட்டும் தகவல் போனது. உடல் வந்த பெட்டியைத் திறந்து காட்டவும் இல்லை.

2004-இல் ஓய்வு பெற்று வந்து, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். அவனுடைய அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்.

"அது எப்படியிருக்கும் தம்பி? அவன் எதுக்குள்ள ஒக்காந்திருந்தான்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

பெரம்பலூரில் என்னோடு படித்த லப்பைக்குடிக்காட்டு நண்பர் துபாயில் இருந்தார். டாங்கி பொம்மை ஒன்று கிடைக்குமா என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அடுத்த லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நாங்கள் ஓட்டிய அதே வகை டாங்கி, பிளாஸ்டிக்கில், துண்டு துண்டாக. ஒட்டி, பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூர் ஹார்டுவேர் கடையில் கிடைத்த பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. டாங்கி பளபளக்கக் கூடாது. முகத்துக்குப் போடும் பவுடரைக் கலந்து அடித்தேன், மங்கிவிட்டது. ஆலை லாரிகளின் மட்கார்டில் படிந்த சுண்ணாம்புக்கல் தூசியைப் பழைய வேட்டியில் சலித்து, காய்ந்த பிரஷ்ஷால் சக்கரங்களில் தேய்த்தேன். புகை வெளியேறும் இடத்தில் விளக்குக் கரி. எங்கள் பூட்ஸ் பட்டுத் தேய்ந்த இடங்களில் மட்டும் பென்சில் தூளைத் தடவினேன். இரும்பு தெரிவதுபோல் ஆனது.

பார்க்க வந்த நண்பர் சிரித்தார். "ஏம்ப்பா பட்டாளம், நெசமான டாங்கிய ஓட்டுன ஆளு, இத்துனூண்டு பொம்மைக்குப் பவுடர் போட்டுக்கிட்டிருக்க. அப்படியே பொட்டும் வச்சு வுடு!"

நானும் சிரித்தேன். யாருக்காகச் செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தும் ஒரு துண்டு மிஞ்சியது. அவன் தலைக்கு மேலிருந்த வட்ட மூடி. சட்டைப் பொத்தான் அளவுதான். திறந்த மாதிரியும் ஒட்டலாம், மூடிய மாதிரியும் ஒட்டலாம். கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். மூடிய மாதிரி ஒட்டினால், அவன் வெளியே வர முடியாமல் போனது பெற்றவர்களுக்குப் பார்த்ததுமே புரிந்துவிடும் என்று பயம். கடைசியில் திறந்த மாதிரி ஒட்டினேன். இது பொய்யில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் அவன் அதைத் திறந்துவைத்து, ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடிதான் வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பு டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன். அவனுடைய அம்மா ஸ்டூலில் துண்டை விரித்தார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"தொடலாமா தம்பி?"

"தொடுங்கப்பா."

"இதுல நீ எங்க?"

"முன்னாடிங்க. இந்த ஓட்டை."

"அவன்?"

மூடியைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தொறந்துல்ல இருக்கு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ வந்துட்ட. அவனுக்கும் தொறந்துதான இருந்திருக்கு. அப்ப ஏன் தம்பி அவன் வரல? பயந்துட்டானா?"

இப்படி ஒரு கேள்வி வருமென்று நான் நினைக்கவே இல்லை. புகையில் மயங்கிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நகத்தால் நெம்பினேன். மூடி பெயர்ந்து வந்தது. ஓட்டையின் மேல் படுக்கவைத்தேன்.

"இப்படித்தாங்கப்பா இருந்துச்சு. சிக்கிக்கிச்சு. வெளிய நின்னு நாங்களும் அடிச்சு அடிச்சுப் பாத்தோம். உள்ளேருந்து அவனும் தட்டிக்கிட்டுதான் இருந்தான்."

அம்மா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா அந்த மூடியின் மேல் ஒரு விரலை வைத்தார், எடுக்கவில்லை.

"பயப்படலல்ல?"

"இல்லங்கப்பா."

நான் கிளம்பினேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்டு. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆலையிலிருந்து போன் செய்தேன். அம்மா எடுத்தார். அப்பா முந்திரிக் காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.