மெட்டில்டாவும் கதவைத் தட்டாத மனிதனும்

ஊரப்பாக்கத்தில் ரயில் நின்றதும் நிற்காததுமாக ஏறி, ஜன்னலோரம் பையை வீசி இடம் பிடித்து உட்கார்ந்தவுடன் புருவம் தீட்டும் பென்சிலை எடுப்பாள் மெட்டில்டா. புருவத்துக்கு அல்ல. மடியில் விரிந்திருக்கும் ப்ளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் புரியாத சொற்களுக்கு அடியில் கோடு போட. உரைநடைப் பக்கங்கள் ஏதோ பரவாயில்லை. செய்யுள் பக்கங்கள் மட்டும் மை அப்பிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவை மாதிரி இருக்கும்.

வயது முப்பத்தெட்டு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார்களுக்கு ரப்பர் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. பெட்டியை ஒட்டுமுன் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாளாம். "ஒண்ணு கொறஞ்சாலும் சத்தம் காட்டிக் குடுத்துடும்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் தாம்பரத்தில் ஏறி செங்கல்பட்டு வரை போகிறவள். இரண்டு வருடமாக அவளுக்கு எதிர் இருக்கை என்னுடையது.

பள்ளியில் படித்தபோது ஆங்கிலம் தவிர எல்லாவற்றிலும் தேறியவள் அவள். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், அந்த ஒரு பாடம் அப்படியே கிடந்தது. போன வருடம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானபோதுதான் அது எழுந்து வந்து குறுக்கே நின்றது. இவளிடம் டேப் ஒட்டக் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு அந்த இடம் போயிற்று. இந்த வருடம் இன்னொரு இடம் காலியாகிறது. "பாஸ் சர்டிபிகேட் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்களாம். தனித்தேர்வராக எழுதினாள். தோற்றாள். மறுபடி எழுதப் பணம் கட்டியிருந்தாள்.

கடிதம், கட்டுரை, இலக்கணம் எல்லாவற்றையும் எப்படியோ தள்ளிவிடுவாள். கவிஞர்களோடுதான் அவளுக்கு ஒத்துப்போகாது. ஒரு கவிஞர் நிலாவைப் பார்த்து, நான் கிழவனாகிவிட்டேன், நீ மட்டும் மாறவே இல்லை என்கிறார். "மாசத்துல ஒரு நாளு ஆளே காணோம், மாறலையாமே!" என்று மெட்டில்டா அதையே ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தாள். மதிப்பெண் எப்படி வரும்?

பொத்தேரியில் இறங்கும் கல்லூரி மாணவி ஹர்ஷாதான் அவளுக்கு டீச்சர். சம்பளம், டிபன் பாக்ஸில் பாதி இட்லி. இருவருக்கும் பெரிய தகராறு வந்தது ஒரு பனிப் பாட்டினால்.

"பனி கொட்டுது. ஒரு ஆளு நடந்துகினே வர்றான். தூரத்துல ஒரு வூடு, ஜன்னல்ல வெளக்கு எரியுது. கதவாண்ட வந்து கைய தூக்கறான். தட்டாம திரும்பிப் போய்ட்றான். அவ்ளோதான் பாட்டு" என்று மெட்டில்டா ரயில் பெட்டி முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். "இவ்ளோ தூரம் வந்தவன் ஏன் தட்டல? இன்னா பேஜாரு இவனோட?"

"அந்த லைட் ஒரு சிம்பல்க்கா. அவன் ஆசைப்பட்ட லைஃப் அது. தனக்கு அது இல்லைன்னு அவனே புரிஞ்சுக்கறான். தனிமைதான் மனுஷனோட விதி. கைடுல அப்படித்தான் இருக்கு, இதை எழுதுனா ஃபுல் மார்க்" என்றாள் ஹர்ஷா.

"தட்டிப் பாக்கட்டும். தொறக்கலன்னா அப்ப சொல்லட்டும் விதின்னு."

வாசலோரம் மீன் கூடையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த குப்பம்மா, கேட்காமலேயே தீர்ப்பு சொன்னாள். "அந்நேரத்துல தெரியாத வூட்டத் தட்டுனா நாய அவுத்து வுடுவாங்க. வெவரமான ஆளுதான்."

பெட்டி இரண்டாகப் பிரிந்தது. தட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, தட்டாததே மரியாதை என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மறைமலை நகரில் இறங்கவேண்டிய குப்பம்மா, வாதத்தில் மெய்மறந்து, ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் கூடையோடு குதித்தாள்.

மறுநாள் ஹர்ஷா கெஞ்சிப் பார்த்தாள். "நீங்க நம்ப வேண்டாம்க்கா. எழுதினா போதும்."

"மனசு ஒத்துக்காதத எழுதச் சொன்னா கை ஓட மாட்டேங்குது ஹர்ஷா. நான் இன்னா பண்ணட்டும்?" குரலில் விளையாட்டு இல்லை. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இதையும் விட்டால் அந்த நாற்காலி இன்னொருத்திக்குப் போய்விடும்.

ஹர்ஷா நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். "சரி, ஒண்ணு பண்ணுங்க. எல்லா ஆன்சரையும் 'அக்கார்டிங் டு தி பொயட்'னு ஆரம்பிங்க. அப்ப அது உங்க பேச்சு இல்ல, அவரு பேச்சு. நீங்க சும்மா அவரைப் போட்டுக் குடுக்கறீங்க."

மெட்டில்டாவின் முகம் மலர்ந்தது. "அய்ய, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனுக்கு!"

அன்றிலிருந்து கோள் சொல்லும் உற்சாகத்தோடு படித்தாள். கவிஞர்கள் ஒவ்வொருவரும் என்னவெல்லாம் உளறினார்கள் என்று தலைமையாசிரியரிடம் புகார் கொடுக்கும் வேகத்தில் பதில்கள் வந்து விழுந்தன. பழக்கம் வீடு வரைக்கும் போய்விட்டது. "அக்கார்டிங் டு எங்க வூட்டுக்காரு, கொழம்புல உப்பு இல்ல."

தேர்வு முடிந்த மறுநாள் ஏறியவளை உட்காரக்கூட விடவில்லை நாங்கள். பனிப் பாட்டு வந்ததா?

"வந்துது. கைடுல இருக்கறத அப்டியே எழுதிட்டேன்." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கடைசில ஒரு வரி மட்டும் நானா சேத்துட்டேன்."

"அக்கா! என்ன எழுதினீங்க?"

"'பட் ஐ வில் நாக்'னு. ஆனா நான் தட்டுவேன்னு."

ஹர்ஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். முடிவு வரும் வரை அந்த நான்கு ஆங்கிலச் சொற்களைப் பற்றியே எங்கள் பெட்டி பேசிப் பேசிக் கவலைப்பட்டது. மெட்டில்டா மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

முடிவு வந்த அன்று ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டும்போது ஹர்ஷாவின் கைபேசியில் மதிப்பெண் தெரிந்தது. நாற்பத்தொன்று. தேற முப்பத்தைந்து போதும். பெட்டியே கை தட்டியது. "அந்த ஒரு வரிக்கு எவ்ளோ போட்டானுங்க?" என்று குப்பம்மா கேட்டாள். அது யாருக்கும் தெரியாது.

சான்றிதழைக் காட்டியதும், சொன்ன சொல்லைத் தொழிற்சாலை காப்பாற்றியது. ஒன்றாம் தேதியிலிருந்து சூப்பர்வைசருக்கான நீலக் கோட்டு. முதல் நாள் அதைப் பையில் மடித்து எடுத்துவந்தவள், எங்களுக்காக ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றினாள். பிறகு உட்கார்ந்தாள். மடியில் புத்தகம் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

"ஹர்ஷா, அந்த பனிப் பாட்டு எழுதுனவரு வேற எதுனா எழுதிகிறாரா?"

"எக்ஸாம்தான் முடிஞ்சிருச்சேக்கா!"

மெட்டில்டா தேடிப் பார்க்கச் சொல்வதுபோல் தன் கைபேசியைத் திறந்து ஹர்ஷாவின் மடியில் வைத்துவிட்டு, அவளோடு ஒட்டி நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.