பொல்லாதவள் வேஷத்தை விட்டுக்கொடுக்காத ராஜாமணி

செவ்வாய்க்கிழமை காலை வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ராஜாமணி அம்மையாரின் மகள் வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. 'இதிலும் என்னை முந்திக்கொண்டாளே' என்றுதான் முதலில் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் எங்கள் நாடகக் குழுவுக்கு, நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, அகரத்திலிருந்து வந்தவர் ராஜாமணி. என்னைவிட இளையவர். அழகில் என்னைவிட ஒரு மாற்றுக் குறைவு. அதை அவரே ஒப்புக்கொள்வார். குரலும் கரகரப்பு. ஆகவே ஆரம்பத்தில் அவரால் எனக்குக் கவலை இருக்கவில்லை.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. எங்களுக்கு நாடகம் எழுதிப் பழக்குகிற வாத்தியார், டவுன் கொட்டகையில் ஓடிய ஓர் ஆங்கிலப் படத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனார். பழங்காலத்துச் சீமைக் கதை. தரையைக் கூட்டுகிற பாவாடையும் குதிரை வண்டியுமாக இருந்தது. அண்டிப் பிழைக்க வந்த ஒருத்தி, வீட்டுக்காரியை ஓரங்கட்டி, சாவிக்கொத்தைப் பிடுங்கி, கடைசியில் வீட்டுக்காரனுக்கே விஷம் வைக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. வீட்டுக்காரி படம் முழுக்க அழுதாள். எங்கள் மேடையில் அதிகம் அழுகிறவளுக்குத்தான் மாலை. எனவே அவள்தான் கதாநாயகி என்று முடிவுகட்டிவிட்டேன்.

வாத்தியார் அதை நாடகமாக்குகிறேன் என்றதும், "அழுகுறவ வேஷம் எனக்கு" என்று முந்திக் கேட்டு வாங்கினேன்.

"அப்ப அந்தப் பொல்லாதவளை நான் எடுத்துக்குறேன்" என்றார் ராஜாமணி. நான் அவருக்காகப் பாவப்பட்டேன், பாருங்கள்.

எரியோட்டில் திருவிழாவுக்கு நடித்தோம். புருஷன் வேஷக்காரரிடம் ராஜாமணி பால் டம்ளரை நீட்டி, "குடிங்க. என் கையால வாங்கிக் குடிக்க இந்த வீட்டுல ஆளே இல்லையா?" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு சம்சாரி வீட்டு அம்மாள் மேடையேறி டம்ளரைத் தட்டிவிட்டார். "ஏண்டி, நீ வெளங்குவியா?"

நாடகம் நின்றது. வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். ராஜாமணி அசையவில்லை. அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்து, "ஆத்தா, என்னை இங்கருந்து தொரத்திட்டா நான் எங்க போவேன்? நீ சோறு போடுவியா?" என்று கேட்டார்.  அந்த அம்மாள் ராஜாமணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். கூட்டமே அழுதது. புருஷனைப் பறிகொடுக்கப்போகிற நான் மூலையில் அழுதுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் சீண்டவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. ரெட்டியார்சத்திரம் சந்தையில் ஒருத்தி, "குடியைக் கெடுக்குறவளுக்குக் காய் கிடையாது" என்று ராஜாமணியைத் திருப்பி அனுப்பினாள். பக்கத்தில் நின்ற என்னை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "ஒரே ஒரு நாள் வேஷத்தை மாத்திக்குவோமா?" என்று கேட்டே விட்டேன்.

"வேற எது வேணும்னாலும் கேளுக்கா, தாரேன். இது மட்டும் மாட்டேன்."

சொன்ன சொல் மாறவில்லை. என் மகள் கல்யாணத்துக்குத் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். வேஷத்தைக் கொடுக்கவில்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மகள் பாலை ஆற்றி என் கையில் தந்தாள். டம்ளரை நீட்டினேன். ராஜாமணி வாங்கவில்லை.

"வசனத்தைச் சொல்லுக்கா" என்றார்.

மேடை மூலையில் நின்று நின்று மனப்பாடமான வசனம். "குடிங்க. என் கையால வாங்கிக் குடிக்க இந்த வீட்டுல ஆளே இல்லையா?" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

"நல்லாருக்கு. ஆனா டம்ளரைப் பாக்காதக்கா. என் கண்ணைப் பாரு."

பார்த்தேன். மறுபடி சொன்னேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

போய் வாருங்கள், ராஜாமணி. செவ்வாய் மாலை உங்களைத் தூக்குவதற்கு முன் அந்த எரியோட்டு அம்மாள் வந்திருந்தார். உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதவர், என்னைப் பார்த்து, "நீங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டார்.

"அந்த நாடகத்துல அழுகுறவ நான்தான்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.