ஒரு சாண் சன்னல்

விருதுநகரில் அறையைச் சூடாக்க அடுப்பு கேட்டு வந்த முதல் ஆள் ஞானபூரணிதான் என்று கடைக்காரர் லட்சுமிகாந்தம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எத்தனை பேருக்குச் சோறு பொங்க வேண்டும் என்றுதான் அவர் முதலில் கேட்டார். சோறு பொங்க இல்லை, எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை, அதை இரவும் பகலும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும் என்று ஞானபூரணி சொன்னதும் மனிதர் எடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"வருசம் பூரா இங்கன வேகுறோம். விசிறி கேட்டு வருவாக, மண்பானை கேட்டு வருவாக. நீங்க ரூமைச் சூடாக்க அடுப்பு கேக்கீக. ஊட்டியில இருந்தா வாரீக?"

ஞானபூரணி சிரித்திருக்கலாம். சிரிக்கத் தெம்பில்லை. விடிந்ததும் மழையில் பஸ் பிடித்து, சிவகாசியில் இறங்கி வேறு பஸ் மாறி வந்திருந்தார். வெள்ளைச் சேலையின் கீழ்ப்பாதி செம்மண் நிறமாகியிருந்தது. அடுத்த பஸ் பதினொன்றேகாலுக்கு.

1963, நவம்பர் முதல் வாரம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே உள்ள மிஷன் பிரசவ விடுதியில் அவர்தான் பெரிய நர்ஸ். பெரிய நர்ஸ் என்றால் மொத்தம் இரண்டு நர்ஸில் மூத்தவர். சாத்தூரில் வாத்தியார் மகளாகப் பிறந்து, இருபத்தைந்து வயதில் இங்கு வந்தார், இப்போது நாற்பத்தேழு. கல்யாணம் ஏன் கூடிவரவில்லை என்பதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது கேட்க வேண்டுமென்றால் அவர் உட்கார வேண்டுமே.

உட்காராமல் நின்றதில் அலுப்பு அவர் உடம்பில் நிரந்தரக் குடித்தனக்காரராகிவிட்டது. அதன் போக்குவரத்து அவருக்கு அத்துப்படி. மாலை நான்கு மணிக்கு முழங்காலில் தட்டும். விளக்கேற்றும் நேரத்துக்கு இடுப்புக்கு ஏறும். சனிக்கிழமைகளில் தோள்பட்டை வரைக்கும் வரும். அதற்குமேல் போனதில்லை.

இந்த மழையில் அவரை விருதுநகர் வரை விரட்டியது மூன்று நாள் பிள்ளை ஒன்று. தாய் வேலுத்தாய், பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள். ஏற்கெனவே இரண்டு பெற்று இரண்டையும் பறிகொடுத்தவள். இது ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. எடை மூன்று ராத்தல், ஒன்றரைக் கிலோகூட இல்லை. அழுகை பூனைக்குட்டியின் குரலைவிட மெல்லிசு. செவ்வாய்க்கிழமை தோறும் வரும் டாக்டர் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோனால் இந்த மழையில் வழியிலேயே குளிர்ந்துவிடும், இங்கேயே வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் ஒருவேளை பிழைக்கும் என்றார். அந்த 'ஒருவேளை'யை ஞானபூரணியின் கையில் கொடுத்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். பஞ்சு, கம்பளி, வெந்நீர்ப் பை, தாயின் மார்பு என்று மூன்று நாள் ஓட்டியாகிவிட்டது. வெந்நீர்ப் பை ஆறும் வேகத்தோடு இரண்டு நர்ஸுகள் போட்டி போட முடியவில்லை.

கரிச்சட்டி வைக்கலாமே என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள். ஞானபூரணி மட்டும் மாட்டேன் என்றார். போன வருட மழையில் அதே அறையில், குருவம்மாள் என்பவளின் குறைமாதப் பிள்ளைக்கு அவர்தான் கரிச்சட்டி வைத்தார். இரண்டாம் நாள் காலையில் பிள்ளை இல்லை. குருவம்மாளுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும். குறைமாதம், கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். எல்லோரும் அதை நம்பினார்கள். ஞானபூரணி பாதி நம்பினார். மீதிப் பாதி ஒரு வருடமாக அந்தக் கரிச்சட்டியையே சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால்தான் லட்சுமிகாந்தத்திடம் அவர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு மெதுவாக எரியும், புகை எந்த நிறத்தில் வரும், வாசனை வருமா, பக்கத்தில் இருப்பவருக்குத் தலை கனக்குமா என்று கேட்டார். கடைக்காரர் முதலில் பம்ப் ஸ்டவ்வை எடுத்து வைத்தார். நல்ல சூடுதான். ஆனால் மணிக்கொரு தரம் காற்றடிக்க வேண்டும், பற்றவைக்கும்போது குப்பென்று ஆளுயரத்துக்கு எழும். வேலுத்தாயின் புருஷன் வெள்ளைத்துரை பட்டாசு மருந்து கலக்குகிறவன்; வேலை விட்டு வரும்போது அவன் கைமயிரில்கூட வெள்ளிப்பொடி மின்னும். அப்படிப்பட்டவன் நடமாடும் இடத்தில் இது ஆகாது. சிலிண்டரில் அடைத்த கேஸ் என்று ஒன்று பம்பாயில் வந்திருக்கிறது, குழாயைத் திருகினால் நீல ஜுவாலை, கரியே கிடையாது என்று லட்சுமிகாந்தம் ஒரு துண்டுப் படத்தைக் காட்டினார். ஞானபூரணி அந்தக் குண்டுச் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கே எப்போது வரும் என்று கேட்டதற்கு, நம்ம பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்போது வரலாம் என்றார் கடைக்காரர். பிள்ளைக்கு மூன்று நாள்தான் ஆகிறது, அதுவரை காத்திருக்காது என்று ஞானபூரணி படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மிஞ்சியது திரி ஸ்டவ். அதில் இரண்டு தினுசு. ஒன்று சின்ன டேங்க், ஒரு கையில் தூக்கலாம், நான்கு மணி நேரம் எரியும். மற்றது பெரிய டேங்க், இரு பக்கமும் பிடி, ஒருமுறை நிரப்பினால் பன்னிரண்டு மணி நேரம் வரும், ஆனால் கனம். பெண்பிள்ளைக்குச் சின்னதே போதும் என்பது கடைக்காரரின் கட்சி. சின்னது என்றால் ஒரு நாளைக்கு ஆறு தடவை மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். அசதியில் ஒரு தடவை யாராவது வெளியே தூக்கிப் போகாமல், அணைக்காமல், அறைக்குள்ளேயே ஊற்றுவார்கள். அந்த யாராவது தானாகவே இருக்கலாம் என்பதும் ஞானபூரணிக்குத் தெரியும். பெரியதையே கட்டச் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, பிற்பகல் ஒன்றரைக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தார்.

ஸ்டவ்வை வராந்தாவில் வைத்து எண்ணெய் ஊற்றி, திரிகளை ஒரே மட்டமாகக் கத்தரித்து, ஜுவாலை நீலமாக நின்றபின் அறைக்குள் மூலையில் வைத்தார். மேலே ஒரு தண்ணீர்ப் பாத்திரம். பிறகு மரச் சன்னலை ஒரு சாண் திறந்து, மூடாமலிருக்கக் குச்சி ஒன்றைக் கொடுத்து, பிள்ளை மேல் நேராகக் காற்றுப் படாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டார். சுவரின் உச்சியிலிருந்த காற்றுத் துவாரத்தில் சிலந்திவலையை ஒட்டடைக்கம்பால் எடுத்தார். துணைக்கு இருந்தவள் வெள்ளைத்துரையின் அக்கா மாடத்தி, தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். குளிர் வரக்கூடாது, ஆனால் காற்று நிற்கவும் கூடாது என்று அவளிடம் இரண்டு தரம் சொன்னார். மாடத்தி தலையாட்டினாள். அவள் கண் மட்டும் சன்னல் குச்சியிலேயே இருந்தது.

பிள்ளை பெற்ற அறையில் ஊதக்காற்று நுழையக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பால் கொடுப்பதைப் போலக் கேள்வி கேட்காத விஷயம். பெற்றவள் காதில்கூடப் பஞ்சு அடைப்பார்கள். மாடத்தி தம்பியின் இரண்டு பிள்ளைகளைக் கையில் ஏந்திக் குழிக்குக் கொண்டுபோனவள். இரண்டுமே ஜன்னி என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஞானபூரணி வெளி நோயாளிகளைப் பார்க்கப் போனார். மழைநாள் என்பதால் கூட்டம் குறையும் என்று நினைத்தது தப்பு. திரும்பும்போது மணி நாலு. அறை நன்றாகச் சூடேறியிருந்தது. அவருக்கே திருப்தியாக இருந்தது. வேலுத்தாய் ஒருக்களித்துத் தூங்கினாள். மாடத்தி சுவரில் சாய்ந்து கண்ணைச் செருகியிருந்தாள். இங்க் பில்லரில் தாய்ப்பாலை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகு முதல் தடவையாக ஞானபூரணி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பிள்ளை சப்பவில்லை. பால் கடைவாயில் வழிந்தது. காலையில் நான்கு சொட்டு விழுங்கியது என்று சின்ன நர்ஸ் இன்பம் சொல்லியிருந்தாள். இப்போது உள்ளங்காலைச் சுண்டியும் அசையவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. வேலுத்தாயைத் தட்டினார். அவள் ஏதோ முனகிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டாள்.

எழுந்திருக்க வேண்டும் என்று ஞானபூரணிக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து எழுந்திருக்கலாம் என்றும் தோன்றியது. விடியற்காலை எழுந்தது, இரண்டு பஸ், மடிச் சுமை; அலுப்பாக இருக்காதா? நெற்றிப் பொட்டில் இறுக்கிக் கட்டியது போல் ஒரு கனம். அதைச் சாய்த்துக்கொள்ளச் சுவர் இருந்தது.

சாய்ந்த பிறகுதான் அது உறைத்தது. நெற்றியிலா? இருபத்திரண்டு வருடத்தில் அலுப்பு ஒருநாளும் நெற்றிக்கு வந்ததில்லை. நாலு மணிக்கு அது முழங்காலில் அல்லவா இருக்க வேண்டும்? முழங்கால் வலிக்கவே இல்லை. இது தன் அலுப்பு இல்லை. யாருடையதோ.

திரைச்சீலையைப் பார்த்தார். வெளியே மழைக்காற்று பனைகளை ஆட்டுகிற சத்தம் கேட்டது. திரை ஆடாமல் தொங்கியது.

பிள்ளையை முந்தானைக்குள் வைத்து எழுந்தார். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்துப் போய்க் கதவை இழுத்தார். கதவடியில் திணித்திருந்த சாக்கு தடுத்தது; உள்ளே வரும்போது அதை அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் இழுப்பில் திறந்தது. இன்பத்தை அழைத்தார். பிள்ளையை அவள் கையில் கொடுத்து, உடம்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கச் சொன்னார். பிறகு வேலுத்தாயையும் மாடத்தியையும் எழுப்பி, பாதி நடத்தி பாதி இழுத்து வெளியே கொண்டுவந்தார். மாடத்தி வாசற்படியிலேயே வாந்தியெடுத்தாள்.

ஸ்டவ்வை அணைத்துவிட்டுத் திரையை விலக்கினார். சன்னல் மூடியிருந்தது. சட்டமும் பலகையும் சேரும் இடமெல்லாம் லேபிள் காகிதம், நாலு விளிம்பும் ஒட்டியது. அச்சு பிசகிய இரட்டைக் கிளிப் படங்கள், வரிசை வரிசையாக. தீப்பெட்டி ஆபீசிலிருந்து கழிவுத் தாளும் மைதாப் பசையும் மாடத்தி வாங்கிவந்திருக்கிறாள். மேல் துவாரத்திலும் அதே கிளிகள். ஒரு சுருக்கமில்லை, ஒரு குமிழியில்லை. விளிம்பை நகத்தால் நீவி நீவி ஒட்டிய வேலை. நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டுகிற கை, தன் தம்பி பிள்ளைக்கென்று கூடுதல் அக்கறையோடு ஒட்டியிருந்தது.

வெள்ளைத்துரை வேலை முடிந்து வந்து, வழக்கம்போல் அறைக்கு வெளியே தள்ளியே நின்றான். எல்லோரும் வராந்தாவில் கிடப்பதைப் பார்த்து அவனுக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, நடந்ததை ஞானபூரணி சுருக்கமாகச் சொன்னார். மாடத்தி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஊதக்காத்துல ரெண்டு போச்சே நர்சம்மா. மூணாவதையும் காத்துக்குக் குடுக்கச் சொல்லுதீகளா?"

வெள்ளைத்துரைதான் பேசினான். அவன் அக்காவைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, எங்க மருந்து ரூமுல எத்தனை கதவு தெரியுமா? எதுத்தெதுத்து ரெண்டு. மழை அடிச்சாலும் சாத்தப்படாது. சாத்துனா போர்மேன் சீட்டக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவான். எரியிற சாமான் இருக்கிற எடத்துல கதவச் சாத்துறவன் மடையன்ம்பான். நீ இங்கன வந்து அதத்தான செஞ்சிருக்க?"

மாடத்தி எழுந்து போய், தானே நகம் கொடுத்துக் கிளிகளை உரித்தாள். நன்றாக ஒட்டியதை உரிப்பது கஷ்டம். தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தாள். குச்சியைத் தேடி எடுத்து, சன்னலைத் தன் கையாலேயே ஒரு சாண் அளந்து நிறுத்தினாள். வெள்ளைத்துரை வெளிப்பக்கம் போய்ச் சாரல் உள்ளே அடிக்காதபடி ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினான்.

ஐந்தரை மணிக்குப் பிள்ளை அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் கோபமான பூனைக்குட்டி. பில்லரிலிருந்து ஒரு சொட்டு, இரண்டு, ஏழு சொட்டு வரை விழுங்கியது. வேலுத்தாய் எண்ணிக்கொண்டே அழுதாள். ஸ்டவ்வை வராந்தாவில் மறுபடி பற்றவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். திரை இப்போது மெல்ல ஆடியது. மாடத்தி அறைக்குள் படுக்க மாட்டேன் என்று, சன்னல் குச்சி கண்ணில் படுகிற மாதிரி வாசலில் பாயைப் போட்டுக்கொண்டாள். பிழைக்கும் என்று ஞானபூரணி சொல்லவில்லை. 'ஒருவேளை' கொஞ்சம் கனம் கூடியிருந்தது, அவ்வளவே.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். நெற்றி லேசாகிவிட்டது. அந்த இடத்தில் குருவம்மாளின் நினைவு வந்து நின்றது. அவள் பிள்ளையைக் கொன்றது கரிச்சட்டியின் நச்சுக்காற்றுதான் என்ற பாதி சந்தேகம் இப்போது முழுசாகியிருந்தது. அந்தக் கரிச்சட்டியை வைத்த கை எது என்பதும் தெரிந்ததுதான். கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லி அனுப்பிவைத்த அவளிடம் இனி என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் தெருவுக்குப் போக வேண்டும். அதுவரை மூன்று நாள் இருக்கிறது, வார்த்தை தேட.

மழை தூறலாகியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது முழங்காலில் அந்தப் பழைய வலி தட்டியது, ஒன்றரை மணி நேரம் தாமதமாக. வந்துவிட்டாயா என்பதுபோல் அதை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.