வெள்ளையாய் இருந்த குற்றம்

அந்தக் கொய்யாத் தோட்டக்காரிக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். அன்று குரலே எழும்பவில்லை. அவள் புருஷன் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டான்.

மரங்களில் அப்பிக் கிடந்த மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே பொறிவண்டுகளை வாங்கிவந்து விட்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, காலையில் அவற்றின் புழுக்களைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும்.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அவன் மருந்தடித்துவிட்டான். மரத்தடியில் செத்துக் கிடந்ததெல்லாம் வண்டுப் புழுக்கள். மாவுப்பூச்சியோ மருந்து படாத இலையிடுக்குகளில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஓடுறது நம்ம ஆளு, ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறதுதான் எதிரின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?" என்றாள் அடித்தொண்டையில்.

"ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருந்தா நான் என்ன பண்றது?"

அவ்வளவுதான். போயிருந்த குரல் திரும்பி வந்துவிட்டது.

"நீங்களும் உங்க அண்ணனும்கூடத்தான் அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க. ஒரு நாளாவது ஆள் தெரியாம அவரைப் பிடிச்சுத் திட்டியிருக்கேனா?"