சாவுக்கொரு தட்டு

தங்கச்சிமடத்து அனிட்டாவுக்குப் பதினாறு வயது. கோடை லீவு விட்டதிலிருந்து தினமும் ஏழெட்டு முறை சாகிறாள். எல்லாம் செல்போன் விளையாட்டில்தான். சுடப்பட்டு விழுந்ததும், "செத்துட்டேன்ம்மா, பசிக்குது" என்பாள். அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் அவள் அம்மா அற்புதம்மாள் தட்டோடு போய் நிற்க வேண்டும்.

பசி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான். ஜன்னல் வழியே பார்க்கிறேன். இரண்டு கட்டைவிரல்களைத் தவிர அவளிடம் எதுவும் அசைவதில்லை. கேட்டால், "கேம்ல தீவு முழுக்க ஓடிருக்கேன் அத்தை, அலுப்பா இருக்கு" என்கிறாள். நாங்கள் குடியிருப்பதும் தீவுதான். இதில் அவள் தெருக்குழாய் வரைகூட நடந்ததில்லை.

நேற்று மத்தியானத்துக்குள் இட்லி, பரோட்டா, மீன் குழம்புச் சோறு என்று மூன்று சாவுக்கு மூன்று தட்டு காலியானது. நான்காவது சாவுக்கு அற்புதம்மாள் பொறுமையிழந்து அடுப்பை அணைத்தாள்.

"போதும்டி. சாவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, தெரியும்ல?"

அன்று முதன்முறையாக அனிட்டா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஜன்னல் வழியே நேராக என்னைப் பார்த்தாள்.

"அப்ப பக்கத்து வீட்டுலருந்துல்ல சோறு வரணும்? அத்தை, இன்னைக்கு என்ன கொழம்பு?"